டெக்ஸ்ட் ஃபைலில் வேலைப் பட்டியல்: கேள்வி பதில்

கேள்வி: ஒரு வரியில் என்னென்ன எழுத வேண்டும்?

பதில்: ஒரு வேலைக்கு ஒரு வரி. இதை மட்டும் மீறாதீர்கள். மற்றதற்கு, ஜினா ட்ரபானி 2006இல் தொடங்கிய டூடூ டெக்ஸ்ட் (todo.txt) முறையே போதும். முதலில் அவசர வேலைக்கு மட்டும் அடைப்புக்குறிக்குள் ஓர் ஆங்கிலப் பெரிய எழுத்து, அடுத்து எழுதிய தேதி, பிறகு வேலை; திட்டத்துக்கு +, இடத்துக்கு @.

2025-03-04 ரசீதுகளை ஸ்கேன் செய் +கணக்கு @வீடு

முடிந்த வேலையின் தொடக்கத்தில் சிறிய எக்ஸ் எழுத்தும் ஓர் இடைவெளியும் முடித்த தேதியும் சேருங்கள்.

கேள்வி: சார், வரிசைப்படுத்தினால் முடிந்த வேலைகள் மேலே வந்து நிற்கின்றனவே?

பதில்: தேதி போடாமல் நேராகத் தமிழில் தொடங்கியிருப்பீர்கள். பல எடிட்டர்கள் எழுத்தின் குறியீட்டு எண்ணை வைத்தே அடுக்குகின்றன. அதில் அடைப்புக்குறி முதலில், பிறகு எண்கள், பிறகு எக்ஸ், அதற்கும் வெகு பின்னால்தான் தமிழ். எல்லா வரிக்கும் தேதி போட்டால் முடிந்தவை தானாக அடியில் போய்விடும். மாதத்தையும் நாளையும் இரண்டு இலக்கமாகவே எழுதுங்கள். இல்லையென்றால் 10, 2க்கு முன்னால் வரும்.

கேள்வி: குறிப்பில் 'கொள்முதல்' கண்ணுக்குத் தெரிகிறது, தேடினால் கிடைக்கவில்லை. ஏன்?

பதில்: தமிழில் குறிப்பு வைப்பவர்களை அதிகம் படுத்துவது இதுதான். 'கொ'வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடே தெரியாது, ஆனால் பல தேடல் கருவிகளுக்கு இரண்டும் வேறு சொற்கள். பைத்தான் நிரல்மொழியின் யூனிகோட்டேட்டா நிரலகத்தில், இப்படிப் பிரிந்த குறியீடுகளை ஒன்றாக்கும் என்.எஃப்.சி. வடிவத்துக்கு மாற்றினால் கொ, கோ வரிசைகள் சரியாகிவிடும். 'கௌ' மட்டும் தனிக்கதை: ஔகாரக் குறிக்குப் பதில் 'ள' எழுத்தைத் தட்டியிருந்தால் அந்த மாற்றம் உதவாது. கண்டுபிடித்துக் கையால்தான் திருத்த வேண்டும்.

கேள்வி: பழைய கணினியில் சேமித்ததெல்லாம் கேள்விக்குறியாகிவிட்டது. மீட்க முடியுமா அண்ணா?

பதில்: சேமித்த கோப்பிலேயே கேள்விக்குறி இருந்தால் முடியாது தம்பி, எழுத்துகள் அழிந்துவிட்டன, பழைய நகலைத்தான் தேட வேண்டும். தமிழுக்கு இடமில்லாத ஆன்ஸி என்ற பழைய குறியீட்டு முறையில் சேமித்ததன் விளைவு அது. பழைய நோட்பேடில் அதுவே இயல்பு. விண்டோஸ் 10இன் 1903 பதிப்பிலிருந்துதான், எல்லா மொழி எழுத்துகளையும் தாங்கும் யூ.டி.எஃப்-8 முறை இயல்பானது. கேள்விக்குறிக்குப் பதில் à® போன்ற லத்தீன் எழுத்துகளும் குறிகளுமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். எதையும் சேமிக்காமல் மூடி, யூ.டி.எஃப்-8 என்று தேர்ந்தெடுத்து மறுபடி திறங்கள்.

கேள்வி: போனிலும் கணினியிலும் திருத்தினால் இரண்டு கோப்பு உருவாகிறது.

பதில்: போனுக்கும் கணினிக்கும் இடையே கோப்புகளை ஒத்திசைக்கும் சின்க்திங் செயலி ஒரே நேரத்தில் இரு மாற்றங்களைக் கண்டால் ஒன்றை வேறு பெயரில் ஒதுக்கி வைக்கும். அதை உடனே அழிக்காதீர்கள். கோப்புகளின் வேறுபாட்டைக் காட்டும் டிஃப் கருவியில் இரண்டையும் ஒப்பிட்டு, விடுபட்ட வரிகளை மட்டும் முதன்மைக் கோப்பில் ஒட்டுங்கள். ஒரு வேலை ஒரே வரியில் இருந்தால் இது இரண்டு நிமிட வேலை.