பிசிஓஎஸ் (சினைப்பையைப் பாதிக்கும் ஹார்மோன் கோளாறு) இருக்கிறது. மாவுச்சத்தை விட்டேன், இரவு உணவையும் விட்டேன், தினமும் நடக்கிறேன். எடை குறையவில்லை. என்ன தவறு செய்கிறேன்?

முதலில் ஒரு வேண்டுகோள்: இன்று இரவு சாப்பிட்டுவிட்டுப் படுங்கள்.

உங்கள் கேள்வியில் என் 24 வயதைப் பார்த்தேன். நானும் இரவில் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தவள்தான். நான்கு நாள் தாங்குவேன். ஐந்தாம் நாள் கண்ணில் பட்டதையெல்லாம் தின்றுவிட்டு அழுவேன். எனக்கு மனவுறுதி இல்லை என்றே இரண்டு ஆண்டுகள் நம்பினேன். அடக்கி அடக்கிப் பிறகு அளவின்றி உண்ணும் இந்தச் சிக்கல் பிசிஓஎஸ் உள்ள பெண்களிடம் கூடுதலாகவே காணப்படுகிறது என்று மருத்துவர் சொன்ன அன்று மனதிலிருந்து பெரும் பாரம் இறங்கியது.

நம்மில் பலருக்கு உடல் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. ஈடுகட்டக் கணையம் மேலும் மேலும் சுரக்கிறது. அந்த மிகை இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது. பருவும் முகத்து முடியும் தள்ளிப்போகும் மாதவிடாயும் பெரும்பாலும் அங்கிருந்து வருபவை. ஒல்லியான பெண்களுக்கும் இது உண்டு. ஆகவே எடை ஒன்றையே குற்றவாளி ஆக்காதீர்கள்.

நடப்பதை விடவேண்டாம். ஆனால் தசைக்கும் வேலை கொடுங்கள். தசை சுருங்கி விரியும்போது இன்சுலின் துணை இல்லாமலேயே இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் உடற்பயிற்சியைத் தண்டனையாகப் பார்ப்பதை நிறுத்தினேன். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது என்று தொடங்கினேன். பிறகு எடை தூக்கினேன். பிசிஓஎஸ் குறித்து 2023-இல் வெளியான சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சியும், அடுத்தடுத்து வராத இரண்டு நாள்களில் தசைப்பயிற்சியும் செய்யச் சொல்கிறது.

உணவைப் பொறுத்தவரை, பிசிஓஎஸ்ஸுக்கென்று மற்ற எல்லாவற்றையும் விஞ்சும் தனி உணவுமுறை கிடையாது. அதே வழிகாட்டுதல் இதையும் தெளிவாகச் சொல்கிறது. நான் மாவுச்சத்தை ஒழிக்கவில்லை, அதற்குத் துணை சேர்த்தேன்: ஒவ்வொரு வேளையும் தட்டில் புரதமும் நிறையக் காய்கறியும் இருக்கும். இனிப்புப் பானங்களை மட்டும் விட்டேன்.

ஆறு மாதத்தில் 2 கிலோதான் குறைந்தது. ஆனால் 60, 70 நாள் தள்ளிப்போன மாதவிடாய் 40 நாளுக்குள் வரத் தொடங்கியது. எல்லாருக்கும் இப்படியே நடக்கும் என்று சொல்லமாட்டேன். கூடுதல் எடை உள்ளவர்களுக்கு 5 சதவீதம் குறைந்தாலே பலன் தெரியக்கூடும். எடை அசையாவிட்டாலும் உடற்பயிற்சியின் நன்மை வீணாவதில்லை. எடை பார்க்கும் கருவியை ஓரமாக வைத்துவிட்டு மாதவிடாய்த் தேதிகளைக் குறித்து வாருங்கள்.

மூன்று மாதம் வரை மாதவிடாய் வரவில்லை என்றால் உணவையும் நடையையும் நம்பிக் காத்திருக்காதீர்கள். கருப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போவது நல்லதல்ல, அதற்கு மருந்து தேவைப்படலாம். அந்தத் தேதிக் குறிப்பையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.