பொம்மை நிற்கிறது, கதை நகரவில்லையே!

கேள்வி: நான் சேர்த்துவைத்திருக்கும், மூட்டுகளை அசைக்கக்கூடிய ஆக்‌ஷன் பொம்மைகளைக் கைப்பேசியில் படமெடுத்து வருகிறேன். எப்படி எடுத்தாலும் கடை அலமாரியில் நிற்பவை போலவே தெரிகின்றன. கதை எதுவும் தோன்றவில்லை. விலை உயர்ந்த கேமரா வாங்கினால் சரியாகுமா?
- வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: கேமராவுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். உங்கள் பொம்மை எதையும் பார்க்கவில்லை, எதற்காகவும் காத்திருக்கவில்லை. குறை அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். முகபாவம் மாறாத பொம்மைக்கு உணர்ச்சியைக் காட்டக் கழுத்து, தோள், இடுப்பு, மணிக்கட்டு ஆகியவை மட்டுமே உண்டு. வாளை ஓங்கி நிற்கும் வீரனைவிட, உடல் எடையை ஒற்றைக் காலில் தாங்கி, படத்துக்கு வெளியே கேட்ட ஏதோ ஒரு சத்தத்தை நோக்கித் தலையை மட்டும் திருப்பி, வாளின் பிடியை இன்னும் தொடாமல் நிற்கும் வீரன் அதிகம் சொல்வான். ஏனெனில் அடுத்து என்ன நடக்கும் என்பதைப் பார்ப்பவரே ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே, படமெடுக்கும் முன், இதற்கு முந்திய நொடியில் என்ன நடந்தது என்பதை ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த வரி இல்லாமல் மூட்டுகளைத் திருகிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

அடுத்தது பார்வை உயரம். உங்களிடம் இருப்பவை பெரும்பாலும் மனித உயரத்தில் 12-இல் ஒரு பங்காக, ஏறக்குறைய 15 செ.மீ. உயரத்தில் இருக்கும். கைப்பேசியைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தரையை ஒட்டி வந்துவிடும். அடுக்குமாடி புளோக்கு ஓரத்து வடிகால் பள்ளத்தாக்காகவும், அதன் விளிம்பில் படர்ந்த பாசி புல்வெளியாகவும் மாறும். நீர்த்துளி மட்டும் பொம்மைக்காகச் சிறுத்துவிடாது. 5 மி.மீ. துளி அந்த உலகில் 6 செ.மீ. உருண்டையாகிவிடும் என்பதால், மழைக் காட்சிக்கு மிக நுண்ணிய சாரலைத் தரும் தெளிப்பானையே பயன்படுத்துங்கள்.

எல்லாம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதும் இல்லை. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் டேவிட் லெவிந்தால் 1970களிலேயே பொம்மைச் சிப்பாய்களை வேண்டுமென்றே மங்கலாகப் படமெடுத்துப் போர்க்களத்தை உருவாக்கினார். பிளாஸ்டிக் கண்ணுக்குத் தெரியாதபோது பார்ப்பவர் மனம் அங்கு மனிதர்களைக் காண்கிறது.

நம் ஊரில் மாலை ஆறரை மணியளவில் அழகான சாய்வொளி கிடைக்கும். பூமத்திய ரேகைக்கு அருகில் சூரியன் ஏறக்குறைய நேராக இறங்குவதால் அது விரைவில் மறைந்துவிடும். பொம்மையின் நிலையை வீட்டிலேயே முடிவுசெய்துகொண்டு கீழே இறங்குங்கள். தாழ்வாரக் கைப்பிடிச் சுவரில் மட்டும் அதை ஒருபோதும் நிறுத்தாதீர்கள்; மாடியிலிருந்து விழும் சிறு பொருளும் கீழே நடப்பவரின் உயிருக்கு ஆபத்தாகலாம்.

முதல் முயற்சிக்கு ஒரே ஒரு பொம்மை போதும். எடுத்த படத்தை உங்கள் வரியைச் சொல்லாமல் வீட்டில் ஒருவரிடம் காட்டி, என்ன நடக்கிறது என்று கேளுங்கள்.