பாளைச் சீவல்

ஐயா,

எனக்கு 26 வயது, ஊர் பாறசாலை. இந்த வருடத்துக்கு மூன்று இலக்குகள் வைத்தேன்: ஐஏஎஸ் முதல்நிலைத் தேர்வு, 42 கிலோமீட்டர் மாரத்தான், அகத்தியர்கூடம் மலையேற்றம். தினம் 14 மணி நேரப் படிப்பு, 4 மணி நேரத் தூக்கம். கடினமான இலக்கு வைப்பவர்களே அதிகம் சாதிக்கிறார்கள் என்று உளவியலாளர் எட்வின் லாக் சொல்கிறார். மூன்றாம் வாரமே படுத்துவிட்டேன். இலக்கைக் குறைப்பது தோல்வியா? இலக்குகளை நோட்டில் எழுதுவதா, செல்போன் செயலியிலா?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்த அன்று மார்த்தாண்டம் சந்தையில் கருப்பட்டி வாங்கிவிட்டு, அப்பாவை நினைத்துக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தேன்.

லாக் சொன்னது சரி. 'முடிந்ததைச் செய்' என்று விடுவதைவிடத் தெளிவான, கடினமான இலக்கு வேலையைக் கூட்டும். ஆனால் அவரும் அவரோடு ஆய்வு செய்த கேரி லாதமும் அதற்குச் சொன்ன நிபந்தனைகளைத் தோதாக விட்டுவிட்டீர்களே! அந்த வேலைக்கான திறமை முதலில் கையில் இருக்க வேண்டும். பழகாத, சிக்கலான வேலை என்றால் 'இத்தனை மார்க்' என்பதைவிட 'இதை இப்படிக் கற்பேன்' என்பதே நல்ல இலக்கு. பாதி படித்துவிட்டு மேற்கோள் காட்டுகிற ஆள் முதல்நிலைத் தேர்வில் என்ன செய்வார்? மாரத்தான் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஓடுங்கள்.

அகத்தியர்கூடம் 1,868 மீட்டர். 6,000 அடிக்குக் கொஞ்சம் மேல். என் அப்பா பனையேறி. சீசனில் 30 பனை, காலையும் மாலையும். பனைக்கு 50 அடி வைத்தால் நாளைக்கு 3,000 அடி. இரண்டு நாளைக்கு ஒரு அகத்தியர்கூடம், அதுவும் கடல்மட்டத்திலிருந்து! அவர் போன பிறகுதான் இந்தக் கணக்கைப் போட்டேன்.

எனக்குப் பதினைந்து வயதில் குட்டைப் பனை இரண்டை என்னிடம் விட்டார். அவரைவிட அதிகம் அக்கானி, அதாவது பதநீர், இறக்கிக் காட்ட வேண்டும் என்று வெறி. அது ஊறி வடியும் பாளையை, பனையின் பூந்தண்டை, விரல் கனத்துக்குச் சீவினேன். நாலாம் நாள் அப்பா பனையடிக்கு வந்தார். மேலே பார்க்கவே இல்லை. கீழே கிடந்த என் சீவலைப் பொறுக்கினார். பக்கத்துப் பனையடியில் கிடந்த தன் சீவலையும் எடுத்து இரண்டையும் வெயிலுக்கு நேரே பிடித்தார். அவருடையதில் வெளிச்சம் தெரிந்தது. என்னுடையது கத்திரிக்காய்த் துண்டு. முதுகில் ஒன்று வைத்துவிட்டுக் கேட்டார்: "நாளைக்கும் இந்தப் பாளை வேணும்லா மக்கா?"

தினம் சீவாவிட்டால் பாளை ஊறாது. கனமாகச் சீவினால் சீசன் பாதியிலேயே பாளை தீர்ந்துபோகும். 4 மணி நேரத் தூக்கம் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, அதுதான் விரல் கனச் சீவல். 14 மணி நேரத்தில் எத்தனை மணி நேரம் ஒரே பக்கத்தை வெறித்துக்கொண்டிருந்தீர்கள் என்று எனக்குத் தெரியாதா? நானும் அப்படி உட்கார்ந்தவன்தான்.

இலக்கைக் குறைக்காதீர்கள். 30 பனை 30 பனைதான். அப்பா காய்ச்சலிலும் 28-உடன் நிறுத்தியதில்லை. அதைப் புகழ்ந்து சொல்லவும் எனக்கு மனமில்லை, காய்ப்பேறிய அவர் நெஞ்சில் எண்ணெய் தேய்த்தவன் நான். ஆனால் ஒரு பாளையையும் அவசரத்தில் கொன்றதில்லை அவர். தினச் சீவலை மட்டும் மெலிதாக்குங்கள்: 6 மணி நேரம் படியுங்கள், தூங்குங்கள், மறுநாளும் உட்காருங்கள்.

அகத்தியர்கூடத்துக்கு வனத்துறை அனுமதி வேண்டும், முந்திப் பதியுங்கள். திரும்பும் வழியில் வீட்டுக்கு வாருங்கள், கருப்பட்டிக் காபி உண்டு.

நோட்டா, செயலியா என்று கேட்டிருந்தீர்கள். அப்பா கலயத்துக்குப் பூசிய சுண்ணாம்பு விரலோடு கதவில் கோடு போடுவார், பனைக்கு ஒன்று.