கையில் ஆறு லட்சம் ரொக்கம்: வீட்டுக் கடனில் கட்டினால் வம்பு வருமா?

கேள்வி: கோவில்பட்டியில் சின்னதாக ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். வீட்டுக் கடன் பாக்கி 11 லட்சம், மாறும் வட்டி, இப்போது 8.5%, இன்னும் 9 வருடம் இருக்கிறது. கடையில் மிச்சம் பிடித்தது நாலரை லட்சம், மனைவியின் பழைய நகையை விற்றது ஒன்றரை லட்சம், இரண்டும் ரொக்கமாக இருக்கிறது. என்னிடம் கைமாற்று வாங்கிய மைத்துனரும் அடுத்த வாரம் 3 லட்சத்தை ரொக்கமாகவே தருகிறார். பேங்கில் கேட்டால் பணம் எப்படி வந்தது என்கிறார்கள். 49 ஆயிரம் 49 ஆயிரமாகப் போட்டுவிடு என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம் சார். ஒரே நாளில் 50 ஆயிரத்துக்கு மேல் ரொக்கம் போட்டால் பான் எண் கேட்டுவந்தார்கள், அந்த 49 ஆயிரம் கதை அதிலிருந்து வந்ததுதான். உங்கள் பான் ஏற்கெனவே பேங்கில் இருக்கும்போது எதை மறைக்கப் போகிறீர்கள்? வரிசையாகப் பன்னிரண்டு தடவை 49,000 விழுந்தால்தான் பேங்குக்கே சந்தேகம் வரும். சந்தேகம் வந்தால் தொகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் மேலே அறிக்கை அனுப்ப வேண்டியது அவர்கள் கடமை.

ஆறு லட்சத்தையும் ஒரே தடவையாக உங்கள் சேமிப்புக் கணக்கில் போட்டு, அங்கிருந்து கடனைக் கட்டுங்கள். சேமிப்புக் கணக்கில் ஒரு நிதியாண்டில் ரொக்கம் மொத்தம் 10 லட்சத்தைத் தொட்டால் அந்தத் தகவல் வருமான வரித்துறைக்குப் போகும். கடை வசூலையும் அதே கணக்கில் போடுகிறவர் என்றால் அதுவும் கூட்டலில் சேரும், கவனம். போனாலும் பயப்பட ஒன்றுமில்லை, காகிதம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நகைக்குக் கடைக்காரர் கொடுத்த கொள்முதல் சீட்டு, கடைப் பணத்துக்கு ரொக்கப் புத்தகமும் கடந்த இரண்டு மூன்று வருட வருமான வரி ரிட்டர்னும். ரிட்டர்னில் வருட வருமானமே மூணு லட்சம் என்று காட்டிவிட்டு நாலரை லட்சம் மிச்சம் என்றால் மேனேஜர் இல்லை, யாருமே நம்ப மாட்டார்கள். அப்படி இருந்தால் முதலில் ஆடிட்டரைப் பாருங்கள், அப்புறம் பேங்க்.

உண்மையான வம்பு மைத்துனர் பணத்தில் இருக்கிறது, அதை நீங்கள் கவனிக்கவே இல்லை. 20 ஆயிரமோ அதற்கு மேலோ உள்ள கடனை ரொக்கமாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதும் தப்பு, வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் உண்டு. சொந்தக்காரர் என்பதெல்லாம் சட்டத்துக்குத் தெரியாது. கணக்கில் போடச் சொல்லுங்கள். அந்த 3 லட்சத்தைக் கடனில் கட்டாமல் அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், கடைக்காரருக்குக் கைச்சரக்கு மாதிரி கைப்பணமும் வேண்டும்.

இனி கணக்கு. உங்கள் தவணை ஏறக்குறைய 14,600. ஆறு லட்சம் கட்டிவிட்டு அதே தவணையைத் தொடர்ந்தால் மூன்றேகால் வருடத்தில் கடன் முடியும், வட்டியில் சுமார் 4 லட்சம் மிச்சம். தவணையைக் குறைத்து 9 வருடத்தை அப்படியே விட்டால் மிச்சம் இரண்டரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல்தான். அதனால் 'காலத்தைக் குறையுங்கள், தவணையைக் குறைக்க வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்து, முத்திரையோடு ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனுக்கு முன்கூட்டிக் கட்டும் கட்டணம் கிடையாது, கேட்டால் ரிசர்வ் வங்கி விதியைச் சொல்லுங்கள்.

கடன் முழுசாக முடிந்ததும் 30 நாளுக்குள் மூலப் பத்திரம் கைக்கு வர வேண்டும். பேங்க் தன் தப்பால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். அடமானத்தைப் பதிவு செய்திருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீது ஆவணமும் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் வில்லங்கச் சான்றில் அந்தக் கடன் அப்படியே நின்றுகொண்டிருக்கும்.