பல்கலைக்கழகத்தின் நிர்வாக அமைப்பான பேரவையில் (Council) யார் யார் இருப்பார்கள்? வெளியாட்கள் எதற்கு?

இலங்கை அரச பல்கலைக்கழகங்களை வைத்துச் சொல்கிறேன். யாழ்ப்பாணமோ பேராதனையோ, பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டம்தான்.

உள்ளே இருந்து வருபவர்கள்: துணைவேந்தர் (அவரே தலைவர்), பீடாதிபதிகள் அனைவரும், கல்வி விடயங்களைக் கவனிக்கும் மூதவை (Senate) தன் உறுப்பினர்களில் இருந்து தெரிந்தனுப்பும் இருவர். பதிவாளர் செயலாளராக இருப்பார். வேந்தரை இங்கே தேட வேண்டாம், பட்டமளிப்பு விழாவில் பார்க்கலாம்.

சுவாரசியம் வெளிவாரி உறுப்பினர்களில்தான் இருக்கிறது. கல்வி, தொழில், வணிகம், நிர்வாகம் போன்ற துறைகளில் பெயர் எடுத்தவர்களைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு நியமிக்கும். எத்தனை பேர்? உள்ளிருப்பவர்களின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள். பத்துப் பீடங்கள் உள்ள இடத்தில் துணைவேந்தர், பீடாதிபதிகள், மூதவைக்காரர் இருவர் என 13 பேர் என்றால், வெளியே இருந்து 14 பேர். புதிதாக ஒரு பீடம் தொடங்கினால் அந்தப் பக்கமும் ஓர் ஆள் கூடும். ஆசிரியர்கள் எல்லோரும் ஒன்றாகக் கை உயர்த்தினாலும் தனியே எதையும் நிறைவேற்றிவிட முடியாது என்பதற்கான கணக்கு இது.

சரி, அப்படி என்ன முடிவெடுக்கிறார்கள்? பாடத்திட்டம், பரீட்சை எல்லாம் மூதவையின் வேலை. பணம், சொத்து, ஆளணி நியமனம் பேரவையிடம். அதைவிட முக்கியம், அடுத்த துணைவேந்தருக்கான மூன்று பெயர்களைப் பரிந்துரைப்பதும் பேரவைதான். அதில் ஒருவரை ஜனாதிபதி நியமிப்பார். வெளிவாரி உறுப்பினர் நியமனத்தில் அரசியல் புகுந்துவிட்டது என்று அடிக்கடி சர்ச்சை எழுவது ஏன் என்று இப்போது புரியும்.