பதினைந்தாம் இடமும் அறுபத்தாறு பவுண்டும்

(2025 கோடையில் வந்த கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணா,

பள்ளி நாட்களிலிருந்து நான் இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து கிளப்பின் ரசிகன். இந்த 2024-25 சீசனுக்குப் பிறகு மேட்ச் பார்க்கவே மனம் வரவில்லை. லீக்கில் 15ஆம் இடம். ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூரோப்பா லீக் இறுதிப் போட்டியிலாவது ஜெயிப்பார்கள் என்று பார்த்தால் பில்பாவோவில் டாட்டனமிடம் தோற்றார்கள். லிவர்பூலும் 20ஆவது லீக் பட்டத்தை வாங்கி நம்மைச் சமன் செய்துவிட்டது, ஆபீஸில் தலைகாட்ட முடியவில்லை. பயிற்சியாளர் அமோரிமோ பின்னால் மூன்று டிஃபெண்டரை நிறுத்தும் அந்த ஆட்டத்தை விடவே மாட்டேன் என்கிறார். அவரை வைத்திருக்கலாமா, அனுப்பிவிடலாமா? ஜெர்சியைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டேன். வேறு கிளப்புக்குப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்த ஜெர்சியை வெளியே எடுங்கள். படித்ததும் கோபம்தான் வந்தது தம்பி. ஏப்ரலில் யூரோப்பா லீக்கில் பிரான்ஸின் லியோனோடு ஆடிய இரவு நினைவிருக்கிறதா? கூடுதல் நேரத்தில் 4-2 என்று பின்தங்கி, எல்லாம் முடிந்தது என்றிருந்தபோது மூன்று கோல், கடைசியாக நம் டிஃபெண்டர் மெகுவயர் தலையால் முட்டி 5-4. அன்று வேறு கிளப் ஞாபகம் வந்ததா உங்களுக்கு? அதற்குள் ஒரே ஒரு தோல்வியில் மனசு மாறிவிட்டது!

42 புள்ளி, 18 தோல்வி. மோசம்தான், இல்லை என்று யார் சொன்னது. 1973-74இல் கீழ் டிவிஷனுக்கு இறங்கியதற்குப் பிறகு இப்படியொரு லீக் சீசன் இல்லை. கோல்கீப்பர் ஒனானா, ஸ்ட்ரைக்கர் ஹோய்லுண்ட், ஓரங்களில் ஆடும் விங்பேக் பிரச்சினை எல்லாவற்றுக்கும் ஆயிரம் வீடியோக்கள் இருக்கின்றன, அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் மான்செஸ்டரில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தபோது கூட வேலை செய்த பெரியவர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். 1974 ஏப்ரலில் யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில், அதே ஊர் எதிரியான மான்செஸ்டர் சிட்டியோடு நடந்த அந்த மேட்ச்சை நேரில் பார்த்தவர். யுனைடெட்டின் செல்லப் பிள்ளையாக இருந்த டெனிஸ் லா, சிட்டி சட்டையில் வந்து பின்னங்காலால் தட்டிப் போட்ட கோலைப் பார்த்தவர். அந்த கோல்தான் யுனைடெட்டை இறக்கியது என்று யாராவது சொன்னால் விடமாட்டார், மற்ற மேட்ச்களின் முடிவே போதும், அன்று ஜெயித்திருந்தாலும் இறங்கியிருப்போம் என்று திருத்துவார். லா அந்த கோலைக் கொண்டாடவில்லை என்பதைச் சொல்லும்போது மட்டும் குரல் தணியும். 2025 ஜனவரியில் லா இறந்தபோது அவரிடம் போனில் பேசினேன். அதிலிருந்து இதே நினைப்பாக இருந்தேன், அப்புறம்தான் உங்கள் கடிதம் வந்தது.

இரண்டாம் டிவிஷனில் ஆடிய அந்த 1974-75 சீசனைப் பற்றி அவர் பேசிக் கேட்க வேண்டும். யார்க், ஆக்ஸ்போர்டு, ஓல்டாம் என்று எதிரணிகளின் பெயரை அடுக்குவார். அந்த வருடம் இங்கிலாந்திலேயே அதிகக் கூட்டம் வந்தது யுனைடெட்டின் மைதானத்துக்குத்தான், முதல் டிவிஷன் கிளப்புகளையும் மிஞ்சி. வாரக் கூலியில் அப்பாவும் மகனும் போய் நின்று பார்க்க முடிந்த காலம் அது.

அவர் இப்போது போவதில்லை. தோற்கிறார்கள் என்பதற்காக இல்லை, கட்டுப்படியாகவில்லை. பேரனை அழைத்துப்போக ஆசை இருக்கிறது. ஆனால் நடு சீசனில், 2024 டிசம்பர் வாக்கில், மீதி மேட்ச்களுக்குக் கிளப் உறுப்பினர்களுக்கான டிக்கெட் 66 பவுண்டு என்று அறிவித்தார்கள். அதுவரை பெரியவர்களுக்கு 40, சிறுவர்களுக்கு 25 பவுண்டிலிருந்து கிடைத்த டிக்கெட். குழந்தைக்கும் 66, ஓய்வூதியம் வாங்குபவருக்கும் 66. நம் பணத்தில் தலைக்கு ஏழாயிரம் ரூபாய். அந்த விலையில் தாத்தாவும் பேரனுமாகப் போனால் 132 பவுண்டு, வழிச்செலவு தனி.

வெட்கப்பட வேண்டுமென்றால் இதற்கு வெட்கப்படுங்கள். 2024 கோடையில் சுமார் 250 பேரை வேலையிலிருந்து எடுத்தார்கள். 2025 பிப்ரவரியில் இன்னும் 200 பேர் வரை என்றார்கள். ஊழியர்களின் இலவச மதியச் சாப்பாட்டில்கூடக் கை வைத்தார்கள். அதே கிளப்தான் 2024 ஜூலையில் முந்தைய பயிற்சியாளர் டென் ஹாகின் ஒப்பந்தத்தை நீட்டித்து, அக்டோபரில் அவரை நீக்கியது. அவரையும் உதவியாளர்களையும், ஐந்தே மாதம் இருந்த விளையாட்டு இயக்குநர் ஆஷ்வொர்த்தையும் அனுப்ப ஆன செலவு 1.45 கோடி பவுண்டு. முடிவெடுத்தவர்கள் தப்புச் செய்தார்கள், சாப்பாடு போனது கேன்டீனில் தட்டேந்தி நின்றவனுக்கு.

நஷ்டத்தில் ஓடுகிறது, சிக்கனம் வேண்டாமா என்று கேட்பீர்கள். கடனே இல்லாமல் இருந்த கிளப் தம்பி இது! 2005இல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் கடன் வாங்கி இதை வாங்கி, அந்தக் கடனைக் கிளப்பின் தலையிலேயே கட்டியது. இருபது வருடமாக வட்டி கட்டுகிறோம். கால் பங்குக்குச் சற்று அதிகமாக வாங்கிக்கொண்டு வந்த பிரிட்டன் கோடீஸ்வரர் ராட்கிளிஃப் இதையெல்லாம் சரிசெய்வார் என்று நம்பினோம், அவர் டிக்கெட்டில் கை வைத்தார். மார்ச்சில் ஆர்சனல் மேட்ச்சுக்கு முன் ரசிகர்கள் உரிமையாளர்களை எதிர்த்துக் கறுப்பு உடையில் ஊர்வலம் போனார்களே, அவர்கள் யாரும் கிளப்பை விட்டுப் போகவில்லை. உள்ளே இருந்துகொண்டு சண்டை போடுகிறார்கள். அவர்களுக்கு இல்லாத சலிப்பு, டிவியில் பார்க்கிற நமக்கு எதற்கு?

அமோரிம் பற்றிக் கேட்டிருந்தீர்கள், இல்லையா. நவம்பரில் பாதியில் வந்து, வேறொருவர் சேர்த்த ஆட்களை வைத்து ஆடியவர். ஒரு முழுக் கோடைப் பயிற்சியாவது கொடுத்துப் பார்க்கட்டும், புதிய ஃபார்வர்ட் குன்யாவும் வந்திருக்கிறார். 2025 ஆகஸ்ட் 17 ஆர்சனலோடு புது சீசனின் முதல் மேட்ச், பார்த்துவிட்டு எழுதுங்கள். வேறு கிளப் என்று எழுதினால் பதில் போட மாட்டேன்.