மோஸ்டாரின் வெலெஷ் கால்பந்து கிளப் ஏன் தன் பழைய மைதானத்தில் ஆடுவதில்லை?

போர்தான் காரணம். போஸ்னியாவின் மோஸ்டார் நகரில் 1922-இல் தொடங்கிய தொழிலாளர் கிளப் இது. பெயர் பக்கத்து மலையுடையது. சின்னத்தில் சிவப்பு நட்சத்திரம். 1970-களில் பயேவிச், மாரிச், விளாடிச் மூவரும் ஆடிய அணியை இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். 1974-இல் புள்ளிகள் சமமாக இருந்தும், கோல் வித்தியாசத்தில் யூகோஸ்லாவிய லீக் பட்டம் (போஸ்னியா அப்போது யூகோஸ்லாவியாவில்தான் இருந்தது) ஹய்டுக் ஸ்பிளிட் அணிக்குப் போய்விட்டது. கொடுமைதான்! அப்புறம் 1981, 1986 யூகோஸ்லாவியக் கோப்பைகள் ஓரளவு ஆறுதல்.

1990-களின் போரில் நகரமே இரண்டாகப் பிரிந்தது. வெலெஷ் ஆடிவந்த பியெலி பிரியெக் மைதானம் குரோவேஷியர்கள் வசமிருந்த மேற்குப் பக்கம் சிக்கிக்கொண்டது. 1945-இல் தடைசெய்யப்பட்டு 1992-இல் மீண்டும் உயிர்பெற்ற குரோவேஷியர்களின் ஸ்ரின்ஸ்கி கிளப்தான் இப்போது அங்கே ஆடுகிறது. வெலெஷுக்குக் கிடைத்தது நகரை ஒட்டிய வ்ராப்சிச்சியில் உள்ள சிறிய மைதானம். ஒரு காலத்தில் எல்லா இனத்தாரும் கொண்டாடிய அணிக்கு இன்று பெரும்பாலும் போஸ்னியாக்குகளே (போஸ்னிய முஸ்லிம்கள்) ரசிகர்கள். 2022-இல், சரியாக நூறாவது ஆண்டில், போஸ்னியக் கோப்பையை வென்றது.